ஏடிஹெச்டி இருந்தா போதைப் பழக்கம் வந்துடுமா? எளிமையா ஒரு விளக்கம்

குழந்தைக்கு ஏடிஹெச்டி, அதாவது கவனச் சிதறலும் துறுதுறுப்பும் அதிகமா இருக்கற பிரச்சினை, இருக்குன்னு டாக்டர் சொன்னதும் அப்பா அம்மாவுக்கு வர்ற மொத பயம் படிப்பைப் பத்தி. ரெண்டாவது பயம் கொஞ்ச நாள் கழிச்சு, ராத்திரி உக்காந்து இன்டர்நெட்ல தேடிப் பாக்கும்போது வரும், இந்தப் பசங்க பெருசானா சிகரெட், குடி, கஞ்சான்னு போயிடுவாங்களாமேன்னு. அதோட இன்னொண்ணும் சேந்துக்கும், டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திரையே போதை மருந்து குடும்பத்தைச் சேந்ததுதானாமே, அதைக் குடுத்தா நாமளே பழக்கிவிட்ட மாதிரி ஆயிடாதான்னு. இந்த ரெண்டு கேள்வியும் பாக்க ஒண்ணு மாதிரி இருந்தாலும் பதில் வேற வேற. மொத கேள்விக்கு, ஆமா, ரிஸ்க் கூடுதல்தான், ஆனா பெரும்பாலானவங்க அந்தப் பக்கம் போறதில்ல, ரிஸ்க்கைக் குறைக்கவும் வழி இருக்கு. ரெண்டாவதுக்கு, டாக்டர் சொன்ன அளவுல சொன்னபடி சாப்பிட்ட குழந்தைங்க அந்த மாத்திரையால பின்னாடி போதைக்கு அடிமையானதா பெரிய ஆய்வுகள் காட்டல. இதுல பாதியை மட்டும் படிச்சுட்டு பயந்துபோய் ட்ரீட்மென்ட்டை நிறுத்திட்டா கஷ்டப்படப்போறது அந்தக் குழந்தைதான், அதனாலதான் இதைக் கொஞ்சம் விரிவாவே எழுதறேன்.

மொதல்ல ஏடிஹெச்டின்னா என்னன்னு சுருக்கமா. 1980ல அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கத்தோட கையேட்டுல ஏடிடின்னு வந்துச்சு, 1987ல அதையே ஏடிஹெச்டின்னு மாத்தினாங்க, இப்பவும் நிறைய பேர் பழைய பேரைத்தான் சொல்றாங்க, ரெண்டும் ஒரே விஷயம்தான். மூளை வளர்ற விதத்துலயே இருக்கற ஒரு வித்தியாசம் இது. சிலருக்கு கவனம் சிதறல் மட்டும் அதிகமா இருக்கும், சிலருக்கு துறுதுறுப்பும் யோசிக்காம சட்டுன்னு எதையாவது பண்ணிடறதும் அதிகமா இருக்கும், பல பேருக்கு ரெண்டும் கலந்து இருக்கும். 12 வயசுக்கு முன்னாடியே அறிகுறி தெரிஞ்சிருக்கணும், வீடு ஸ்கூல்னு குறைஞ்சது ரெண்டு இடத்துலயாவது தெரியணும், வாழ்க்கையை நிஜமாவே பாதிக்கணும், அப்பதான் டாக்டர் ஏடிஹெச்டின்னு சொல்லுவாரு. குழந்தைங்கள்ல சுமார் 5 சதவீதம் பேருக்கும் பெரியவங்கள்ல சுமார் 2.5 சதவீதம் பேருக்கும் இருக்கறதா உலக அளவுல கணக்கு சொல்றாங்க. இவங்களால கவனிக்கவே முடியாதுன்னு நினைச்சுக்காதீங்க, பிடிச்ச கேம்னா மணிக்கணக்கா கண்ணு எடுக்காம உக்காருவாங்க. எப்போ எதுல கவனத்தை வைக்கணும், எப்போ எடுக்கணும்னு அவங்க நினைச்ச மாதிரி கட்டுப்படுத்த முடியறதில்ல, அங்கதான் சிக்கல்.

சரி, போதைப் பழக்கத்தோட தொடர்பு எவ்வளவு பெருசு? 2011ல ஒரு ஆய்வு வந்துச்சு, ஏடிஹெச்டி இருக்கற குழந்தைங்களையும் இல்லாத குழந்தைங்களையும் வருஷக்கணக்கா தொடர்ந்து கவனிச்ச 27 ஆய்வுகளை ஒண்ணா சேத்துப் பாத்தது. ஏடிஹெச்டியோட வளந்தவங்களுக்கு சிகரெட்ல இருக்கற நிக்கோடினுக்கு அடிமைத்தனம் வர்ற வாய்ப்பு கிட்டத்தட்ட 3 மடங்கு, மதுப் பிரச்சினை வர்றது 1.7 மடங்கு, கஞ்சாப் பிரச்சினை ஒன்றரை மடங்கு, கோகெய்ன் மாதிரி விஷயத்துல 2 மடங்குன்னு அதுல தெரிஞ்சுச்சு. மடங்குன்னு கேட்டதும் பதறிட வேணாம், ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பாருங்க, பொதுவா 100 பேர்ல 10 பேருக்கு மதுப் பிரச்சினை வருதுன்னு வச்சுக்கிட்டா, ஏடிஹெச்டி இருக்கற 100 பேர்ல அது 16 பேர் பக்கம் போகும் (இந்த மடங்கு, பிரச்சினை வந்தவங்களுக்கும் வராதவங்களுக்கும் இருக்கற விகிதத்தோட மடங்கு, அதனாலதான் சரியா 17 வரல), மீதி 84 பேருக்கு வராது. அந்த 84ஐயும் மறக்கக்கூடாது, கூடுதலா வந்த அந்த 6 பேரையும் மறக்கக்கூடாது, ஏன்னா அந்த 6 பேர்ல பல பேரை முன்கூட்டியே கவனிச்சிருந்தா காப்பாத்தியிருக்க முடியும்.

எதிர்ப் பக்கத்துல இருந்து பாத்தா படம் இன்னும் பளிச்சுன்னு தெரியும். போதைப் பழக்கத்துக்காக ட்ரீட்மென்ட் எடுக்க வர்றவங்கள்ல எத்தனை பேருக்கு ஏடிஹெச்டி இருக்குன்னு 2012ல பல ஆய்வுகளை சேத்துப் பாத்தப்போ சுமார் 23 சதவீதம்னு வந்துச்சு. பொது ஜனங்கள்ல பெரியவங்களுக்கு 2.5, டி-அடிக்‌ஷன் சென்டர் வாசல்ல 23. இதுல பல பேருக்கு தனக்கு ஏடிஹெச்டி இருக்குன்னே தெரியாது, சின்ன வயசுல யாரும் கண்டுபிடிச்சிருக்க மாட்டாங்க, சோம்பேறி, பொறுப்பில்லாதவன், அடங்காதவள்னு பேரு வாங்கியே வளந்திருப்பாங்க. எனக்கு இந்த விஷயத்துல ரொம்ப வலிக்கறது இதுதான், 35 வயசுல குடிக்கு ட்ரீட்மென்ட் எடுக்க வந்த ஒருத்தர்கிட்ட, உங்க 8 வயசுல நீங்க எப்படி இருந்தீங்கன்னு அதுவரைக்கும் யாருமே கேக்காம விட்டிருக்கறது.

ஏன் இப்படி ஆகுது? ஒரே காரணம் கிடையாது, நாலஞ்சு காரணம் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு இருக்கு.

டோபமைன்ல இருந்து ஆரம்பிக்கலாம். மூளையில ஒரு செல் இன்னொரு செல்லுக்கு சேதி சொல்ல பயன்படுத்தற ரசாயனங்கள்ல ஒண்ணு இது. எல்லாரும் இதை சந்தோஷ ரசாயனம்னு சொல்லிடறாங்க, ஆனா அதோட முக்கியமான வேலை, இது முக்கியம், இதுக்காக கஷ்டப்படலாம், இதை மறுபடியும் தேடிப் போன்னு மூளைக்குச் சொல்றது. நோரா வோல்கோவ்னு, அமெரிக்காவுல போதைப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தோட தலைவரா அப்போ இருந்தவங்க, அவங்க குழு 2009ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அதுவரைக்கும் ஏடிஹெச்டிக்கு மாத்திரையே சாப்பிடாத 53 பெரியவங்களையும் ஏடிஹெச்டி இல்லாத 44 பேரையும் பெட் (PET) ஸ்கேன்ல, அதாவது மூளைக்குள்ள ரசாயனங்கள் எப்படி வேலை செய்யுதுன்னு படம் பிடிக்கற ஸ்கேன்ல பாத்தாங்க, ஏடிஹெச்டி இருந்தவங்களுக்கு மூளையோட வெகுமதிப் பாதையில, அதாவது ஆசை, உந்துதல், பலன் இதையெல்லாம் கையாள்ற பகுதியில, டோபமைன் சேதியை வாங்கற ரிசெப்டர்கள் சராசரியா கம்மியா இருந்துச்சு. இது கூட்டத்தோட சராசரிதான், ஸ்கேன் எடுத்து ஒரு ஆளுக்கு ஏடிஹெச்டி இருக்கா இல்லையான்னு சொல்ல முடியாது, அப்படி சொல்லி யாராவது பணம் கேட்டா நம்பாதீங்க.

இதோட நடைமுறை அர்த்தம் என்னன்னா, மத்தவங்களுக்கு ஓரளவு சுவாரஸ்யமா தெரியற வேலை, அதாவது ஒரு ஃபார்ம் நிரப்பறது, ஒரு பாடத்தை முடிக்கறது, மாசக் கடைசியில கிடைக்கப்போற ஒரு பலனுக்காக இன்னைக்கு உழைக்கறது, இதெல்லாம் இவங்களுக்கு தாங்க முடியாத அளவுக்கு சப்புன்னு இருக்கும். இப்பவே கிடைக்கற சின்ன பலனுக்கும் ரொம்ப நாள் கழிச்சு கிடைக்கற பெரிய பலனுக்கும் நடுவுல எதைத் தேர்ந்தெடுக்கறாங்கன்னு சோதிச்சுப் பாத்தா, ஏடிஹெச்டி இருக்கறவங்க சராசரியா இப்பவே கிடைக்கறதை அதிகமா எடுக்கறாங்க. போதைப் பொருள்ங்கறது என்ன, உடனே பலன், விலை பின்னாடி, அதுவும் ரொம்ப பின்னாடி. அந்தச் சோதனையில தெரியற அதே சாய்வு இங்கயும் வேலை செய்யுது, அதுக்குமேல எந்த மர்மமும் இல்ல.

அடுத்தது தடுத்து நிறுத்தற திறன். நெத்திக்குப் பின்னாடி இருக்கற ப்ரீஃப்ரான்டல் கார்டெக்ஸ்னு ஒரு பகுதிதான், இரு, யோசி, வேணாம்னு சொல்ற வேலையைச் செய்யுது. எல்லாருக்குமே இது லேட்டா, இருபது வயசு தாண்டிதான் முழுசா முதிர்ச்சி அடையும். 2007ல வந்த ஒரு ஸ்கேன் ஆய்வுல ஏடிஹெச்டி இருக்கற குழந்தைங்களுக்கு மூளையோட மேற்பரப்பு தடிமன் உச்சத்துக்கு வர்றது சராசரியா சுமார் 3 வருஷம் தாமதமாகுது, அந்த தாமதம் இந்த முன்பகுதியிலதான் அதிகம்னு பாத்தாங்க. ஸ்கூல் முடிக்கற வயசுல ஒரு நண்பன் சிகரெட்டை நீட்டறான்னு வச்சுக்கங்க, அந்த வயசுல எல்லாருக்குமே வேணாம்னு சொல்றது கஷ்டம்தான், இந்தப் பையனுக்கு அந்த வேணாம் வர்றதுக்குள்ள கை நீண்டிருக்கும். அவனுக்கு அது தப்புன்னு தெரியாம இல்ல, தெரியும், நல்லாவே தெரியும், தெரிஞ்சது அந்த நொடியில வந்து சேரல, அவ்வளவுதான். அதனாலதான் இந்தப் பசங்ககிட்ட போதை கெட்டதுன்னு மறுபடி மறுபடி அறிவுரை சொல்றது மட்டும் பத்தாது, அறிவுரை அவங்ககிட்ட ஏற்கனவே இருக்கு.

மூணாவது, தனக்குத் தானே மருந்து போட்டுக்கறது. எட்வர்ட் கான்ட்சியன்னு ஒரு மனநல மருத்துவர் 1985ல இதை எழுதினாரு, ஆளுங்க ஏதோ ஒரு போதையை சும்மா தேர்ந்தெடுக்கறதில்ல, அவங்களுக்கு உள்ளுக்குள்ள இருக்கற ஒரு வேதனையை எது தணிக்குதோ அதைப் பிடிச்சுக்கறாங்கன்னு. எல்லா அடிமைத்தனத்தையும் இதை வச்சு விளக்கிட முடியாது, ஆனா ஏடிஹெச்டி விஷயத்துல நிறைய பேர் சொல்றது இதோட ஒத்துப்போகுது. கஞ்சா அடிச்சா தலைக்குள்ள ஓடற சத்தம் நிக்குதுன்னு ஒருத்தர் சொல்லுவாரு, குடிச்சாதான் ராத்திரி தூக்கம் வருதுன்னு ஒருத்தர், நாலு பேர் இருக்கற இடத்துல ஒரு பீர் உள்ள போனாதான் பதட்டமில்லாம பேச முடியுதுன்னு ஒருத்தங்க. அந்த நேரத்துக்கு அது உண்மையாவே உதவற மாதிரி இருக்கும், அதை பொய்யின்னு சொல்லி அவங்ககூட சண்டை போட்டா அவங்க நம்மகிட்ட பேசறதை நிறுத்திடுவாங்க. பிரச்சினை அதுக்கப்புறம்தான் இருக்கு, கஞ்சா ஞாபகத்தையும் கவனத்தையும் இன்னும் மழுங்கடிக்கும், குடி தூக்கத்தோட தரத்தைக் கெடுக்கும், தூக்கம் கெட்டா மறுநாள் ஏடிஹெச்டி இன்னும் மோசமாகும், மோசமானா மறுபடியும் அதையே தேடத் தோணும்.

நிக்கோடினைப் பத்தி தனியா சொல்லணும், ஏன்னா மேல சொன்ன கணக்குல அதுதான் பெருசு, அதுதான் பெரும்பாலும் முதல்ல ஆரம்பிக்கறது, ஆனா கண்டுக்காம விடறதும் அதைத்தான். நிக்கோடின் மூளையில டோபமைனைத் தூண்டும், கவனத்தைக் கொஞ்ச நேரத்துக்கு கூர்மையாவும் ஆக்கும். சாதாரணமா ஒருத்தருக்கு முதல் சிகரெட் இருமலும் தலைசுத்தலுமா போயிடலாம், ஏடிஹெச்டி இருக்கற ஒருத்தருக்கு அதோட சேந்து, அட இப்ப உக்காந்து படிக்க முடியுதேன்னு ஒரு அனுபவம் கிடைக்கலாம், அந்த அனுபவம் மனசுல ஆழமா பதிஞ்சுடும். இவங்க சராசரியா சின்ன வயசுலயே புகைக்க ஆரம்பிக்கறாங்க, விடறதுக்கும் அதிகமா கஷ்டப்படறாங்க, விடும்போது வர்ற எரிச்சல், கவனமின்மை, அமைதியில்லாமை எல்லாம் ஏற்கனவே இருக்கற ஏடிஹெச்டி மேல ஏறி உக்காந்துக்கும். வேப், அதாவது இ-சிகரெட், பிடிக்கறதும் இதே நிக்கோடின்தான், வாசனை மாறினா மூளைக்கு வித்தியாசம் தெரியாது. குழந்தைக்கு ஏடிஹெச்டின்னு தெரிஞ்ச வீட்ல கஞ்சாவைப் பத்தி பயப்படறதுல பாதி அளவாவது சிகரெட், வேப் பத்தி பேசிட்டாங்கன்னா நல்லதுன்னு நான் உறுதியா நினைக்கறேன், அதுவும் பன்னண்டு பதிமூணு வயசுக்கு முன்னாடியே.

மூளைக்கு வெளியில நடக்கறதும் இருக்கு, அது மூளைக்கு உள்ள நடக்கறதை விட சின்ன விஷயம் இல்ல. ஒரு குழந்தை ஒரு நாளைக்கு எத்தனை தடவை திட்டு வாங்குதுன்னு பாருங்க, நோட்டு மறந்துச்சு, பேனா தொலைஞ்சுச்சு, நடுவுல பேசுச்சு, உக்காரல. பல வருஷம் இப்படியே போனா, நான் சரியில்லாத ஆளுன்னு உள்ளுக்குள்ள ஒரு முடிவு வந்துடும். மார்க் குறையும், நல்லா படிக்கற கூட்டம் விலகும், தன்னை ஏத்துக்கற ஒரு கூட்டத்தைத் தேடுவான், அந்தக் கூட்டத்துல பெரும்பாலும் ஏற்கனவே ஒருத்தன் கையில ஏதாவது இருக்கும். பெண் பிள்ளைங்க கதை வேற மாதிரி, அவங்க பல பேருக்கு துறுதுறுப்பு வெளிய தெரியாது, ஜன்னலைப் பாத்துக்கிட்டு அமைதியா உக்காந்திருப்பாங்க, யாருக்கும் தொந்தரவு இல்லங்கறதால யாரும் கவனிக்க மாட்டாங்க, காலேஜ், வேலை, கல்யாணம், குழந்தைன்னு பொறுப்பு ஏறும்போது மொத்தமா சரிஞ்சு, மனச்சோர்வு, பதட்டம்னு டாக்டர்கிட்ட போவாங்க, அடியில ஏடிஹெச்டி இருக்கறது அப்பவும் தெரியாம போகலாம்.

இங்க ஒரு விஷயத்தை மறைக்காம சொல்லிடணும். ஏடிஹெச்டியோட சேந்து சண்டை, திருட்டு, மத்தவங்களைத் துன்புறுத்தறதுன்னு தொடர்ச்சியான நடத்தைக் கோளாறும் இருந்துச்சுன்னா போதை ரிஸ்க் நல்லாவே ஏறுது, ஏடிஹெச்டியால வர்றதா சொல்ற ரிஸ்க்ல ஒரு பெரிய பங்கு இந்த வழியாத்தான் வருதுன்னு பல ஆய்வுகள்ல தெரியுது. அதனால குழந்தை அந்தப் பக்கம் திரும்பற மாதிரி தெரிஞ்சா, வயசானா சரியாயிடும்னு காத்திருக்கக் கூடாது, பெற்றோருக்கான பயிற்சி, குடும்ப தெரபின்னு இதுக்கு வழி இருக்கு, சின்ன வயசுல ஆரம்பிச்சா பலன் அதிகம். அப்புறம் மரபணு, ஏடிஹெச்டி குடும்பத்துல ஓடற விஷயம், இரட்டைக் குழந்தைங்களை வச்சு செஞ்ச ஆய்வுகள் பரம்பரையோட பங்கு 70 சதவீதத்துக்கு மேலன்னு சொல்லுது, போதைப் பழக்கத்துக்கும் பரம்பரைப் பங்கு இருக்கு, ரெண்டுக்கும் பொதுவான மரபணுக்களும் கொஞ்சம் இருக்கு. அதனால குழந்தையோட அப்பாவோ தாத்தாவோ குடிச்சவரா இருந்தா அதை டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க, வெக்கப்பட வேண்டிய விஷயம் இல்ல, குடும்பத்துல சுகர் இருக்கான்னு டாக்டர் கேக்கறாரு, நாம சொல்லலையா, அதே மாதிரிதான் இதுவும்.

இப்ப மாத்திரை. அதிகமா குழப்பம் இருக்கற இடம் இதுதான்.

ஏடிஹெச்டிக்கு முதல்ல குடுக்கறது பெரும்பாலும் ஸ்டிமுலன்ட், அதாவது மூளையைத் தூண்டிவிடற வகை மருந்து. 1937லயே சார்லஸ் பிராட்லின்னு ஒரு டாக்டர் அமெரிக்காவுல பென்செட்ரின்ங்கற ஆம்ஃபெட்டமைன் மருந்தைக் குடுத்தப்போ குழந்தைங்க அமைதியா பாடத்துல கவனம் வச்சதை எழுதியிருக்காரு, 1944ல மெத்தில்ஃபெனிடேட் உருவாச்சு, இன்னைக்கும் அதுதான் பரவலா குடுக்கற மருந்து. இது டோபமைனையும், நார்எபிநெஃப்ரின்ங்கற இன்னொரு சேதி ரசாயனத்தையும் மூளையில கொஞ்சம் கூடுதல் நேரம் தங்க வைக்கும். கோகெய்னும் டோபமைனை அதே மாதிரி தடுத்து வைக்கற ஒண்ணுதான், அதனாலதான் ரெண்டும் ஒண்ணுன்னு ஒரு பேச்சு சுத்திக்கிட்டு இருக்கு. ஆனா மூளைக்கு எவ்வளவு வருதுங்கறதை விட எவ்வளவு வேகமா வருதுங்கறது போதைக்கு ரொம்ப முக்கியம். ஒரு நாள் முழுக்க தூறலா பெய்யற மழையும் பத்து நிமிஷத்துல கொட்டித் தீக்கற மழையும் அளவுல ஒண்ணாவே இருக்கலாம், ஒண்ணு மண்ணுல இறங்கும், இன்னொண்ணு மண்ணையே அடிச்சுக்கிட்டுப் போகும். மாத்திரையா முழுங்கற மெத்தில்ஃபெனிடேட் மூளையில உச்சத்துக்கு வர ஒரு மணி நேரம், அதுக்கு மேலயும் ஆகும், நரம்புல ஏத்தற கோகெய்ன் சில நிமிஷத்துலயே வந்துடும். மாத்திரை மெதுவா ஏறி மெதுவா இறங்கறதால டாக்டர் குடுக்கற அளவுல அந்தத் தூக்கியடிக்கற போதை வராது. இதே மாத்திரையை பொடி பண்ணி மூக்குல இழுத்தாலோ ஊசியில ஏத்தினாலோ அந்தப் பாதுகாப்பு போயிடும், அப்ப அது நிஜமாவே ஆபத்துதான், இதை ஒளிக்காம பிள்ளைங்ககிட்ட சொல்லணும்.

அப்ப சின்ன வயசுல இந்த மாத்திரை சாப்பிட்டவங்க பெருசானதும் என்ன ஆனாங்க? 2013ல 15 நீண்டகால ஆய்வுகளை சேத்துப் பாத்த ஒரு ஆய்வு, மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் சாப்பிடாதவங்களுக்கும் பின்னாடி வர்ற போதைப் பிரச்சினையில வித்தியாசம் இல்லன்னு சொல்லுச்சு, கூடவும் இல்ல, குறையவும் இல்ல. 2014ல ஸ்வீடன் நாட்டோட பதிவேடுகளை வச்சு பாத்ததுல மருந்து எழுதி வாங்கினவங்களுக்கு பின்னாடி போதைப் பிரச்சினை வர்ற வீதம் சுமார் 31 சதவீதம் கம்மியா இருந்துச்சு. 2017ல அமெரிக்காவுல ஏடிஹெச்டி இருக்கற சுமார் 30 லட்சம் பேரோட இன்ஷூரன்ஸ் தகவலைப் பாத்தாங்க, அதே ஆள் மருந்து வாங்கின மாசத்தையும் வாங்காத மாசத்தையும் ஒப்பிட்டப்போ, வாங்கின மாசங்கள்ல போதை சம்பந்தமா ஆஸ்பத்திரிக்கு வர்ற வாய்ப்பு ஆண்களுக்கு 35 சதவீதமும் பெண்களுக்கு 31 சதவீதமும் கம்மி. எம்டிஏன்னு ஒரு பெரிய ஆய்வு, 579 குழந்தைங்களோட தொண்ணூறுகள்ல ஆரம்பிச்சு அவங்க பெரியவங்களாகற வரைக்கும் தொடர்ந்தது, 2023ல வந்த அதோட அலசல்ல மருந்து போதையை அதிகமாக்கவும் இல்ல, குறைச்சதாவும் தெரியல. ஆக, மருந்து போதைக்கு எதிரான தடுப்பூசின்னு யாராவது சொன்னா அது மிகை. போதைக்கு வாசல்னு சொன்னா அதுக்கு ஆதாரம் இல்ல. சாப்பிடற காலத்துல பாதுகாப்பு குடுக்குதுன்னு நம்ப நியாயமான காரணம் இருக்கு.

மருந்துல உண்மையா கவனிக்க வேண்டியது வேற ஒண்ணு, அது கை மாறறது. பரிட்சை நேரத்துல கூடப் படிக்கறவன் ரெண்டு மாத்திரை குடுடான்னு கேப்பான், ஹாஸ்டல்ல இருக்கற பையனுக்கு முடியாதுன்னு சொல்றது எவ்வளவு கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க. சின்னப் பசங்களுக்கு மாத்திரையைப் பெரியவங்க கையால குடுக்கறது, பூட்டி வைக்கறது, எண்ணி வைக்கறது, இதெல்லாம் சந்தேகப்படறது ஆகாது, இந்த மருந்துக்கு இதுதான் முறை. வீட்ல யாருக்காவது போதைப் பழக்கம் இருந்தா டாக்டர்கிட்ட சொல்லுங்க, ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும்ங்கற மாதிரி மெதுவா வேலை செய்யற மாத்திரைகள் இருக்கு, லிஸ்டெக்ஸ்ஆம்ஃபெட்டமைன்னு ஒண்ணு உடம்புக்குள்ள போய் ரத்தத்துல உடைஞ்ச பிறகுதான் வேலையே செய்யும், ஸ்டிமுலன்ட்டே இல்லாத அட்டமாக்ஸிடின் 2002ல இருந்து புழக்கத்துல இருக்கு, குவான்ஃபசின், க்ளோனிடின் மாதிரி மருந்துங்களும் இருக்கு. எது யாருக்குன்னு முடிவு பண்றது டாக்டர் வேலை, ரத்த அழுத்தம், இதயத் துடிப்பு எல்லாம் பாத்துட்டுதான் குடுப்பாங்க.

ஏற்கனவே போதையில மாட்டிக்கிட்ட பெரியவங்களுக்கு வருவோம். இங்க கண்டுபிடிக்கறதே சிக்கல், ஏன்னா குடி, கஞ்சா, வேற போதைங்க எல்லாமே கவனத்தைக் கெடுக்கும், நிறுத்தின முதல் சில வாரத்துல வர்ற அமைதியில்லாமை, எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் ஏடிஹெச்டி மாதிரியே தெரியும். அதனால சில டாக்டர்கள் முழுசா நிறுத்தி பல மாசம் ஆகட்டும், அப்புறம் பாக்கலாம்னு தள்ளிப் போடுவாங்க, ஆனா ஏடிஹெச்டியாலயே நிறுத்த முடியாம இருக்கற ஒருத்தரை முதல்ல நிறுத்திட்டு வான்னு சொன்னா அவர் எங்க போவாரு. 2018ல பல நாட்டு நிபுணர்கள் சேந்து வெளியிட்ட கருத்தறிக்கை, போதைக்கு ட்ரீட்மென்ட்டுக்கு வர்ற எல்லார்கிட்டயும் ஏடிஹெச்டி இருக்கான்னு சீக்கிரமே கேட்டுப் பாக்கணும், ரெண்டுக்கும் சேத்தே ட்ரீட்மென்ட் குடுக்கணும்னு சொல்லுது. உலக சுகாதார நிறுவனத்தோட 6 கேள்வி கொண்ட ஒரு சின்ன படிவம் இதுக்கு இருக்கு, அது முடிவு சொல்றதில்ல, மேற்கொண்டு விசாரிக்கணுமான்னு மட்டும் காட்டும். அதை விட முக்கியம் குழந்தைப் பருவம். போதை தொடறதுக்கு முன்னாடி, ஏழெட்டு வயசுல எப்படி இருந்தீங்கன்னு கேக்கணும், அம்மாவையோ அக்காவையோ கூட்டிட்டு வரச் சொல்லலாம், பழைய ஸ்கூல் ரிப்போர்ட் கார்டு இருந்தா எடுத்துட்டு போங்க, நல்லா படிப்பான் ஆனா கவனம் இல்லன்னு டீச்சர் எழுதின ஒரு வரி கூட டாக்டருக்கு உதவும்.

மருந்து இவங்களுக்கும் உதவுமா? இங்க ஆய்வு முடிவுகள் கலவையா இருக்கு. வழக்கமான அளவுல குடுத்துப் பாத்த பல ஆய்வுகள்ல ஏடிஹெச்டி அறிகுறி ஓரளவு குறைஞ்சாலும் போதைப் பயன்பாடு பெருசா குறையல. 2014ல ஸ்வீடன்ல ஒரு ஆய்வு, ஆம்ஃபெட்டமைன் பழக்கமும் ஏடிஹெச்டியும் இருந்த 54 கைதிகளுக்கு ஜெயில்ல இருந்து வெளிய வர்றதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே, சிலருக்கு மெத்தில்ஃபெனிடேட்டும் மத்தவங்களுக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரையும் ஆரம்பிச்சு, மருந்தை வழக்கத்தை விட அதிக அளவுல, ஒரு நாளைக்கு 180 மில்லிகிராம் வரைக்கும் ஏத்தினாங்க, கூடவே தெரபியும் குடுத்தாங்க, மருந்து கிடைச்சவங்க போலி மாத்திரை கிடைச்சவங்களை விட அதிகமா போதை இல்லாம இருந்தாங்க, ட்ரீட்மென்ட்லயும் அதிகமா நிலைச்சாங்க. தயவுசெஞ்சு இதைப் படிச்சுட்டு யாரும் தானா அளவை ஏத்திடாதீங்க, அது கண்காணிப்புல நடந்த ஆராய்ச்சி, நம்பிக்கை இருக்குன்னு காட்டத்தான் சொல்றேன். புப்ரோபியான்னு ஒரு மருந்து சிகரெட்டை விடறதுக்கும் குடுக்கறாங்க, ஏடிஹெச்டிக்கும் ஓரளவு உதவும்கறதால சிலருக்கு டாக்டர் அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

மாத்திரை ஒரு பக்கம் இருந்தாலும் தெரபி இல்லாம இது நிக்காது. சிபிடின்னு சொல்ற நடத்தை சிந்தனை தெரபியில, ஆசை எழும்போது அந்த பத்து இருபது நிமிஷத்தை எப்படிக் கடக்கறது, எந்த இடம் எந்த ஆளு தூண்டுதல்னு கண்டுபிடிக்கறதுன்னு கத்துக் குடுப்பாங்க. ஏடிஹெச்டி இருக்கறவருக்கு அதை கொஞ்சம் மாத்திக் குடுக்கணும், ஒரு மணி நேரம் பேசற செஷனை சின்னச் சின்னதா பிரிக்கணும், வீட்டுப் பாடத்தை எழுதிக் குடுக்கணும், அப்பாயின்ட்மென்ட்டுக்கு முந்தின நாளும் அன்னைக்குக் காலையிலயும் மெசேஜ் அனுப்பணும். அவர் ரெண்டு தடவை வரலைன்னா ஆர்வம் இல்லன்னு பேரை அடிச்சுடறாங்க பாருங்க, எனக்கு அதைக் கேட்டா கோவம் வரும், மறந்து போறதுதானே அந்த நோயோட அறிகுறியே, அதையே காரணமா வச்சு ட்ரீட்மென்ட்ல இருந்து வெளிய அனுப்பினா எப்படி?

வீட்ல இருக்கறவங்க என்ன பண்ணலாம்னா, முதல்ல அந்த ஆளோட நாளை எளிமையாக்குங்க, தூங்கற நேரம், சாப்பிடற நேரம், மாத்திரை நேரம் மூணையும் ஒரே மாதிரி வச்சாலே பாதிச் சுமை குறையும். உடற்பயிற்சி, விளையாட்டு, கையால செய்யற ஏதாவது ஒரு வேலை, இந்த மாதிரி உடனே பலன் தெரியற நல்ல விஷயங்கள் இவங்க மூளைக்கு ரொம்பத் தேவை, படிப்பு கெட்டுடும்னு விளையாட்டை நிறுத்தறது பெரும்பாலும் எதிர் விளைவைத்தான் தரும். பணத்தை மொத்தமா கையில குடுக்காம பிரிச்சுக் குடுக்கலாம், அதையும் அவங்ககிட்ட பேசி அவங்க சம்மதத்தோட. பாராட்டு வேணும், உடனே வேணும், அடுத்த வாரம் சொல்லலாம்னு வச்சிருக்கற பாராட்டு இவங்களுக்குப் போய்ச் சேராது. பிள்ளை சிகரெட் பிடிச்சதை ஒத்துக்கிட்டா, ஒத்துக்கிட்டதுக்கு முதல்ல நன்றி சொல்லிட்டு அப்புறம் மத்ததைப் பேசுங்க, அன்னைக்கு அடி விழுந்தா அடுத்த தடவை எதையும் சொல்ல மாட்டான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். தினமும் நிறைய குடிக்கற ஒருத்தர் இதைப் படிச்சுட்டு நாளைக்கே நிறுத்தறேன்னு கிளம்பினா, ஒரேயடியா நிறுத்தறது ஆபத்து, வலிப்பு வரலாம், குழப்ப நிலை வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம், தூக்க மாத்திரை, பதட்டத்துக்கான மாத்திரை ரொம்ப நாள் எடுத்தவங்களுக்கும் இதே கதைதான். டாக்டர் மேற்பார்வையில படிப்படியாத்தான் நிறுத்தணும். அதே மாதிரி ஏடிஹெச்டி மாத்திரை சாப்பிடறவர் குடிச்சா, எவ்வளவு போதை ஏறியிருக்குங்கறது அவருக்கே சரியா தெரியாம போய் இன்னும் அதிகமா குடிச்சுடலாம், இதை டாக்டர்கிட்ட வெளிப்படையா பேசுங்க.

நிறுத்தி பல மாசம் ஆன ஒருத்தர் திடீர்னு ஒரு நாள் மறுபடியும் குடிச்சுட்டாருன்னு வைங்க, பல வீட்ல அன்னைக்கே எல்லாம் போச்சுன்னு ஏடிஹெச்டி மாத்திரை, தெரபி ரெண்டையும் சேத்து நிறுத்திடறாங்க. அதைச் செய்யாதீங்க. அடுத்த நாளே டாக்டருக்கு போன் பண்ணி நடந்ததை அப்படியே சொல்லுங்க, என்ன குடிச்சாரு, எவ்வளவு, அதுக்கு முந்தின ரெண்டு மூணு நாள் தூக்கம் எப்படி இருந்துச்சு, மாத்திரை விட்டுப்போச்சா, என்ன நடந்துச்சுன்னு. மருந்தோட அளவை மாத்தணுமா, வேற மருந்துக்குப் போகணுமா, தெரபியை வாரத்துக்கு ஒண்ணுக்கு பதிலா ரெண்டாக்கணுமான்னு அவர் முடிவு பண்றதுக்கு இந்தத் தகவல்தான் வேணும்.